கைக்காசு போட்ட 4,900 ரூபாய்: ஒரு வங்கி நேர்காணலின் நிகழ்வு ஆய்வு

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம். பி.காம்., வயது 24. மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் 19 மாதம் களப்பணி. மதுரையில் ஒரு தனியார் வங்கியின் கடன் அலுவலர் வேலைக்கு நேர்காணல் போய், வெறுங்கையோடு திரும்பிய பிறகுதான் அந்தப் பெண் என்னிடம் வந்தார். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். வட்டிக் கணக்கு, அடமானம், வாராக்கடன் பற்றிக் கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் சொல்லியிருக்கிறார். கடைசிப் பத்து நிமிடம் அவரைப் பற்றியே கேட்டார்கள். அங்கேதான் போயிற்று.

நான் பொதுத்துறை வங்கியில் 33 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆளெடுக்கும் குழுவில் மேசைக்கு அந்தப் பக்கம் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு மாதிரி நேர்காணல் நடத்துகிறேன். அந்தப் பெண்ணின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலையாக, அன்றைக்கு நடந்ததை நினைவிருக்கும்வரை அப்படியே ஒரு தாளில் எழுதச் சொன்னேன். அவர் எழுதிக் கொடுத்தது இது.

"உங்க பலவீனம் என்ன?"
"நான் ஒரு பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் சார். எல்லாம் சரியா இருக்கணும்னு நினைப்பேன்."

"லீவு நிறைய எடுப்பீங்களா?"
"19 மாசத்துல ஒரு நாள்கூட எடுத்ததில்லை சார்."

"டார்கெட் முடிக்க எதுவரைக்கும் போவீங்க?"
"எந்த எல்லைக்கும் போவேன் சார்."

"சாயங்காலம் கேஷ்ல 500 ரூபா குறையுது. என்ன பண்ணுவீங்க?"
"என் கைக்காசைப் போட்டுச் சரி பண்ணிடுவேன் சார். பேங்குக்கு நஷ்டம் வர விடமாட்டேன்."

"வேலையில எப்பவாவது விதியை மீறி இருக்கீங்களா?"
"இல்லவே இல்லை சார்."

"பழைய வேலையை ஏன் விட்டீங்க?"
"அடுத்த கட்டத்துக்குப் போகணும்னுதான் சார்."

படித்ததும் எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பதிலையும் நல்ல பெயர் வாங்கத்தான் சொல்லியிருக்கிறார். வேறு ஏதாவது ஒரு துறையில் இதில் பாதியாவது எடுபட்டிருக்கும். பணம் புழங்கும் இடத்தில் உட்கார்ந்து கேட்பவர் காதுக்கு ஆறில் நாலு பதில் அபாய மணி.

லீவு பதிலையே எடுத்துக்கொள்ளுங்கள். விடுப்பே எடுக்காத ஊழியரை வங்கி மெச்சுவதில்லை, பயப்படும். முக்கியமான பொறுப்புகளில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ச்சியாகக் குறைந்தது 10 வேலை நாள் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 ஜூலையில் வங்கிகளுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. காரணம் எளிது. ஒருவர் எதையாவது மூடி மறைத்துக்கொண்டிருந்தால் அந்த மூடியைத் தினமும் அவரே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நாற்காலியில் வேறொருவர் பத்து நாள் உட்கார்ந்தால் வெளியே வந்துவிடும். பிரான்சின் சொசியெத்தே ஜெனரால் வங்கியில் 2008 ஜனவரியில் வெளிவந்த 490 கோடி யூரோ நஷ்டத்துக்குக் காரணமான வர்த்தகர், அதற்கு முந்தைய ஆண்டு முழுவதும் விடுப்பு எடுத்ததே மிகக் குறைவு. நம் ஊரில் பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பைக் கிளை மோசடி, 13,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்த மேசையில் ஆண்டுக் கணக்கில் இருந்த அதிகாரி ஓய்வு பெற்று, வேறொருவர் வந்து உட்கார்ந்து, உத்தரவாதக் கடிதம் வாங்க வந்த நிறுவனத்தாரிடம் "இதற்கு ஈட்டுப் பணம் எங்கே?" என்று கேட்ட பிறகுதான் 2018-ல் வெளியே வந்தது. இதையெல்லாம் தெரிந்த ஒருவர் முன்னால் "லீவே எடுத்ததில்லை சார்" என்று பெருமையாகச் சொன்னால் அவர் மனதில் என்ன ஓடும்?

"எந்த எல்லைக்கும் போவேன்" என்பதும் அப்படித்தான். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு எட்டு சேவை விற்க வேண்டும் என்று இலக்கு வைத்து விரட்டினார்கள். ஊழியர்கள் எல்லை தாண்டினார்கள். வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் லட்சக்கணக்கில் கணக்குகள் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம். 5,300 பேர் அளவுக்கு வேலை இழந்தார்கள். இலக்கைப் பற்றிக் கேட்பவர் உங்கள் வேகத்தை மட்டும் பார்ப்பதில்லை, எந்த இடத்தில் பிரேக் போடுவீர்கள் என்றும் பார்க்கிறார்.

பெர்ஃபெக்‌ஷனிஸ்ட் பதிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேட்டுக் கேட்டு அலுத்த பதில். அதற்கு மதிப்பெண் போட்டதாக எனக்கு நினைவில்லை.

சரி, 500 ரூபாய்க் கேள்விக்கு வருவோம். இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். அந்தப் பெண் இந்த ஒரு பதிலைத்தான் தன் நேர்காணலிலேயே சிறந்த பதில் என்று நினைத்திருந்தார்.

கவுண்டரில் ஐம்பது, நூறு குறைந்தால் கைக்காசு போட்டு மூடிவிடுவது ஊரறிந்த பழக்கம். பெரிய வித்தியாசம் வந்தாலும் கடைசியில் காசாளர்தான் பெரும்பாலும் ஈடு கட்டுகிறார். அதனால் 'நான் கட்டுகிறேன்' என்பதில் குற்றமில்லை. யாருக்கும் சொல்லாமல் கட்டுவதில்தான் குற்றம். குறைந்தால் குறைந்தது என்று அன்றைக்கே எழுத வேண்டும். கூடினால் கூடியது என்றும் எழுத வேண்டும். மேலாளருக்குத் தெரிய வேண்டும். அதற்கப்புறம்தான் யார் கட்டுவது என்ற பேச்சு.

என் சொந்த அனுபவம் ஒன்று. 1988-ல் நான் கேஷில் இருந்தபோது ஒரு மாலை 1,000 ரூபாய் குறைந்தது. பாதி மாதச் சம்பளம். பக்கத்துக் கடையில் கைமாற்று வாங்கிப் போட்டுவிடலாம் என்று எழுந்தே விட்டேன். தலைமைக் காசாளர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "தம்பி, இன்னைக்குப் பத்து ரூபாய்க் கட்டு யார் யாருக்குக் கொடுத்தே?" என்று கேட்டார். வவுச்சரைப் புரட்டினோம். அரிசி ஆலை முதலாளி ஒருவர் கூலி கொடுக்கச் சில்லறையாக வாங்கிப் போயிருந்தார். மறுநாள் காலை அவரே, கூடுதலாகப் போயிருந்த ஒரு கட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நூறு தாள், சரியாக ஆயிரம் ரூபாய். நான் கடன் வாங்கிப் போட்டிருந்தால் கணக்கு நேராகியிருக்கும், யாரும் தேடியிருக்க மாட்டார்கள். அவர் திருப்பிக் கொடுத்த பணத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்றும் யாருக்கும் தெரிந்திருக்காது.

இதைச் சொல்லி முடித்தபோது அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். நீல அட்டை, ஓரம் நைந்து போனது. நடுப்பக்கத்தில் பென்சிலில் ஐந்து வரி. ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, பெயரின் முதலெழுத்து, 980, அப்புறம் ஒரு சொல்: 'நான்'.

விஷயம் இதுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழுக் கூட்டம். ஆளுக்கு 980 ரூபாய் தவணை. ஒரு பெண்ணின் கணவரை மதுரை பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அதனால் மனைவி கூட்டத்துக்கு வரவில்லை. குழுவில் மற்றவர்கள் சேர்ந்து கட்ட மறுத்துவிட்டார்கள். கிளையின் வாட்ஸ்அப் குழுவில் பகல் 12 மணிக்குள் ஒவ்வொரு களப்பணியாளரும் 'ஓவர்டியூ பூஜ்யம்', அதாவது கட்டாமல் நிற்கும் தவணை எதுவும் இல்லை, என்று போட வேண்டும். போடாதவரை மாலையில் எல்லோர் முன்பும் நிற்கவைத்துப் பேசுவார்கள். இவர் தன் பர்ஸிலிருந்து 980 எடுத்து வைத்து, டேப்லெட்டில் வசூலானதாகப் பதிந்தார். அடுத்த கூட்டத்திலும் அதே கதை. மூன்றாவது முறை அவரோடு இன்னொரு பெண்ணும். நாலாவது கூட்டத்தில் முதல் பெண் கட்டிவிட்டார், இரண்டாமவர் கட்டவில்லை. இரண்டு மாதத்துக்குள் ஐந்து தவணை, 4,900 ரூபாய். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

பிறகு தாங்காமல் கிளை மேலாளரிடம் சொன்னார். "எல்லாரும் பண்றதுதான், விடும்மா" என்றார் அவர். இவர் விடவில்லை. அடுத்த கூட்டத்தில் கட்டாததைக் கட்டவில்லை என்றே பதிந்தார். பழைய ஐந்தையும் தேதியோடு எழுதி, மேலாளருக்கும் பகுதி மேலாளருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். பத்து நாளில் மெமோ வந்தது, இவருக்கு. அதன் பிறகு ஐந்து மாதம் இருந்துவிட்டு வேலையை விட்டார்.

"இதை ஏம்மா அங்கே சொல்லலை?" என்று கேட்டேன்.

"தப்பு பண்ணவன்னு நினைச்சுருவாங்களே சார்."

தப்புதான். அதை முதலில் அவருக்குப் புரிய வைக்க வேண்டியிருந்தது. தியாகம் செய்ததாகத்தான் அவர் மனதின் ஒரு மூலை நினைத்துக்கொண்டிருந்தது. கட்டாத கடனைக் கட்டியதாகப் பதிந்தால் கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் கடன் வாங்கிய பெண் ஒழுங்காகக் கட்டுபவராகவே தெரிவார். அதைப் பார்த்து இன்னொரு நிறுவனம் இன்னொரு கடனைக் கையில் திணிக்கும். குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைக்குப் போகக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்ததே இந்தச் சுமையைத் தடுக்கத்தான். கணவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், அவகாசம் கொடுங்கள் என்று கேட்க அந்தக் குடும்பத்துக்கு இருந்த ஒரே சாட்சி, கட்டாமல் போன அந்தத் தவணைதான். இவர் கைக்காசு அந்தச் சாட்சியை அழித்துவிட்டது. இதைச் சொன்னபோது அழுதுவிட்டார். மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டோம்.

அடுத்த இரண்டு ஞாயிறும் நாங்கள் மாதிரி விடை எதையும் எழுதவில்லை. நான் கேட்டது நான்கே நான்கு: என்ன செய்தாய், எவ்வளவு தொகை, யாரிடம் எப்போது சொன்னாய், இன்று அதே நிலை வந்தால் என்ன செய்வாய். நிதித்துறையில் குணத்தைப் பற்றிக் கேட்கும் கேள்வி எந்த உருவத்தில் வந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்பது என் தீர்மானமான எண்ணம். கணக்கு நேராகாத மாலை நேரத்தில் இந்த ஆள் யாரிடம் போய்ச் சொல்வார்? எவ்வளவு சீக்கிரம்? இதைத்தான் கேட்கிறார்கள். பலவீனம், கோபம், தோல்வி, மேலதிகாரியோடு மனக்கசப்பு எல்லாம் அதே வீட்டுக்குப் போகும் வேறு வேறு வாசல்கள்.

அப்படிப் பார்த்தபோது அவருடைய உண்மையான பலவீனமும் தானாக வெளியே வந்தது. வயதில் மூத்தவர் ஒன்று சொன்னால் அவரால் முகத்துக்கு நேரே மறுக்க முடியாது. வீட்டிலும் அப்படித்தான். வங்கியில் இது சின்ன விஷயமில்லை. "நம்ம பையன்தான்மா, கையெழுத்துப் போடு" என்று சொல்லி எத்தனை பெரியவர்கள் வருவார்கள்! அதற்கு அவரே கண்டுபிடித்து வைத்திருந்த வழியும் இருந்தது. உடனே ஆமாம், இல்லை சொல்லாமல், "பார்த்துட்டு சாயங்காலம் சொல்றேன்" என்று நேரம் வாங்கிக்கொள்வது. இதையே சொல்லு என்றேன். இட்டுக்கட்டிய குறை இல்லை, அதற்கு அவர் செய்துவரும் வைத்தியமும் அதிலேயே இருக்கிறது.

ஒன்றை இங்கே வெளிப்படையாகச் சொல்கிறேன். இப்படி உண்மையைச் சொல்வதால் சில இடத்தில் வேலை போகலாம். மெமோ என்ற சொல்லைக் கேட்டதுமே கோப்பை மூடுகிற ஆட்கள் உண்டு. அவருடைய அப்பாவே என்னிடம் வந்து, "சார், பிள்ளை வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கப் போகுது" என்று கவலைப்பட்டார். நியாயமான கவலை. கேட்காமலே போய்க் கொட்டச் சொல்லவில்லை, விதி மீறல் பற்றி நேராகக் கேட்டால் மட்டும் சொல்லட்டும் என்றேன். கேட்ட பிறகு "இல்லவே இல்லை" என்பது இன்னொரு பொய்ப் பதிவு. அதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இன்னொரு சங்கதி. பல நிறுவனங்கள் நேர்காணலுக்கு முன்பே கணினியில் குணநலத் தேர்வு வைக்கின்றன. 'நான் வாழ்நாளில் பொய்யே சொன்னதில்லை', 'எனக்கு யார் மீதும் கோபம் வந்ததே இல்லை' என்ற மாதிரி வாக்கியங்கள் வரும். முற்றிலும் சரி என்று அழுத்தியிருந்தார் இவர். அந்த வாக்கியங்களை வைப்பதே, தன்னை மிகைப்படுத்திக் காட்டுபவர் யார் என்று பார்க்கத்தான். ஒரே விஷயத்தை வேறு சொற்களில் இருபது கேள்வி தள்ளி மறுபடியும் கேட்பார்கள். நடிப்பவருக்கு முதலில் என்ன சொன்னோம் என்று நினைவிருக்காது.

இரண்டாவது நேர்காணல் வேறொரு வங்கி, நான்கு மாதம் கழித்து. குழுவில் மூன்று பேர். எச்.ஆர்., கடன் பிரிவுத் தலைவர், கடைசியில் ஓரமாக ஒரு தணிக்கை அதிகாரி. அன்று மாலையே போன் பண்ணி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

கடன் பிரிவுக்காரர் முதலிலேயே சீண்டியிருக்கிறார். "ரொம்ப சாஃப்டா தெரியுறீங்களே, வசூலுக்குப் போய் என்ன பண்ணுவீங்க?" பெண் பிள்ளைகளை இப்படிக் கேட்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் கேட்கிறார்கள். முகம் சுருங்குகிறதா என்று பார்க்கிறார்கள். இவர் பதில்: "சத்தம் போட்டு வாங்கினது இல்லை சார். காலைல ஒன்பது மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் ஆறுக்கு மேலயும் யாரையும் கூப்பிட்டதும் இல்லை. தேதி சொல்லிட்டு வருவேன். அந்தத் தேதிக்குத் திரும்பப் போவேன். அவங்க மறந்தாலும் நான் மறக்க மாட்டேன்." இந்த மாதிரிச் சிறுகடன் வசூலுக்கு அழைக்கும் நேரம் பற்றி ரிசர்வ் வங்கி 2022-ல் சொன்னது அதேதான்.

விதி மீறல் கேள்வி வந்தது. நோட்டில் இருந்ததைச் சொன்னார். தொகை, மாதம், யாரிடம் சொன்னது, மெமோ எல்லாம். ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும் என்றார். "எந்தக் கம்பெனி மேனேஜர் அவர், பேர் என்ன?" என்று எச்.ஆர். கேட்டார். கம்பெனி விண்ணப்பத்தில் இருக்கிறது, பெயர் வேண்டாம் சார் என்று சொல்லியிருக்கிறார். நல்லது. இன்று அங்கே கேள்விப்பட்டதை இங்கே சொல்பவர், நாளை இங்கே கேள்விப்பட்டதை எங்கே சொல்வார் என்ற நினைப்பு எந்தக் குழுவுக்கும் வரும்.

அப்புறம்தான் உண்மையான கொக்கி. கடன் பிரிவுக்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அப்போ எங்க மேனேஜர் மேலயும் புகார் எழுதுவீங்க போலிருக்கே?" என்றாராம்.

இந்தக் கேள்விக்கு நாங்கள் தயார் செய்யவில்லை. 'மாட்டேன்' என்றால் அதுவரை சொன்னது பொய்யாகும். 'எழுதுவேன்' என்றால் வம்புக்காரி. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்: "முதல்ல அவர்கிட்டயேதான் சார் சொல்லுவேன். அவர் சொல்றதையும் கேட்பேன். எனக்குத் தெரியாத காரணம் இருக்கலாம். ஆனா வராத பணத்தை வந்ததா மட்டும் போட மாட்டேன். அதை எழுத்துலயும் சொல்லிடுவேன்."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுவரை வாயே திறக்காத தணிக்கை அதிகாரி நிமிர்ந்தார்.

"அந்த 4,900 உங்களுக்குத் திரும்ப வந்துச்சா?"

"ஆயிரம் ரூபா மட்டும் வந்துச்சு சார். ஆஸ்பத்திரில இருந்தவரோட வீட்டு அக்கா அவங்களாவே கொண்டுவந்து குடுத்தாங்க. மீதியை நான் கேட்கலை."

"ஏன் கேட்கலை?"

"கேட்டா அது என் கடன் ஆயிடும் சார். கம்பெனி கடனை வசூல் பண்ணப் போற ஆளுக்கு அதே வீட்டுல சொந்தக் கடனும் இருந்தா, கையில வர்ற காசை எதுல வரவு வைப்பேன்னு எனக்கே பயமா இருந்துச்சு."

போனில் இதைக் கேட்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். சொந்த நலனும் நிறுவனத்தின் நலனும் மோதும் இடத்தை வகுப்பில் எத்தனை முறை நடத்தியிருக்கிறேன்! இவ்வளவு சுத்தமாக நான் சொன்னதில்லை. எந்தப் பயிற்சியும் இந்தப் பதிலைக் கொடுத்திருக்க முடியாது. வராத பணத்தைப் பதிந்தது எவ்வளவு பெரிய தப்பு என்று உட்கார்ந்து யோசித்தவருக்குத்தான் அது வரும்.

மூன்று வாரம் சத்தமில்லை. அவருடைய அப்பா இரண்டு முறை போன் செய்தார், இரண்டு முறையும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு வங்கியிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. பின்னணிச் சரிபார்ப்புக்காகப் பழைய நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறார்கள். வந்த பதிலில் மெமோ பற்றி ஒரு வரி இருந்திருக்கிறது. எச்.ஆர். அம்மா அந்த மெமோவின் தேதியை மறுபடியும் ஒருமுறை சொல்லச் சொன்னார். இவர் நோட்டைப் பார்க்காமலே சொன்னார்.

"நீங்க சொன்ன தேதியும் இங்க இருக்கிற தேதியும் ஒண்ணாதான் இருக்கு" என்றவர், அடுத்து எந்தத் தேதியில் வந்து சேர முடியும் என்று கேட்டார்.